போன் கேம் போனுக்கு மட்டுமா சொந்தம்?

மொபைல் கேம் என்றால் மொபைலில்தான் ஆட வேண்டும். அதைக் கொண்டுபோய் லினக்ஸ் ஓடும் கையடக்கக் கருவியில் ஏற்றி ஆடுவது வேண்டாத வேலை, அதோடு பாதி கள்ளவேலை. இப்படி ஓர் எண்ணம் நன்றாக வேரூன்றிவிட்டது. பெருமாநல்லூர் நால்ரோட்டில் ஒரு செல்போன் கடையில் கேட்டால், "அதுக்கெதுக்குங்க இன்னொரு மிஷினு? போன்தான் இருக்குதுங்களே" என்பார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் பொறியாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள். "செக்யூரிட்டி" என்ற சொல்லைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். கேம் விற்கும் நிறுவனங்கள் பலவும் சொல்வதோடு நிற்கவில்லை. சான்று பெற்ற போன் இல்லையென்றால் கேமைத் திறக்கவே விடாத பூட்டை உள்ளேயே வைத்து அனுப்புகின்றன.

இந்த எண்ணம் தவறு. தொழில்நுட்பத்தின்படியும் தவறு, சட்டத்தின்படியும் தவறு, காசு கொடுத்து வாங்குகிறவரின் உரிமை என்று பார்த்தாலும் தவறு.

எதிர்த்தரப்பு சொல்வதை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். மொபைல் கேம் தொடுதிரைக்காகச் செய்யப்பட்டது. போன் எல்லார் பையிலும் இருக்கிறது. இன்னொரு கருவிக்குச் செலவழிப்பது வீண். லினக்ஸில் ஆண்ட்ராய்டு கேமை ஓட்டுவது சுற்றி வளைத்துச் செய்யும் வேலை என்பதால் வேகம் குறையும், அடிக்கடி உடையும், சாமானியர் கையாள முடியாது. ஆன்லைன் ஆட்டத்தில் இப்படி வருகிறவர் மற்றவர்களை ஏமாற்ற வழி இருக்கிறது. நிறுவனம் தடுப்பது நியாயம். விதிமுறைப் பட்டியலில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திவிட்டு அதை மீறுவது முறையல்ல. கடைசியாக, இவ்வளவு சிரமப்படும் அளவுக்கு மொபைல் கேம் ஒன்றும் பெரிய பொக்கிஷம் அல்ல. இவற்றில் ஒன்றிரண்டில் ஓரளவு உண்மை இருக்கிறது. மொத்த முடிவு மட்டும் அந்த உண்மைகளிலிருந்து வரவில்லை.

லினக்ஸ் கையடக்கக் கருவி என்று நான் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஸ்டீம் டெக்கும் அதன் வழியில் வந்தவையும். ஏஎம்டி சிப், 16 ஜிபி ரேம், 7 அங்குலத் தொடுதிரை, இருபுறமும் பொத்தான்கள், ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓஎஸ். வால்வ் இதை இந்தியாவுக்கு நேரடியாகக் கொண்டுவரவில்லை. இறக்குமதி செய்து விற்பவர்கள் வழியாகத்தான் இங்கே வருகிறது. இன்னொன்று, சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் ஆர்36எஸ் போன்ற சிறு கருவிகள். 3.5 அங்குலத் திரை, 1 ஜிபி ரேம், ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3326 சிப். முதல் வகை வசதி உள்ளவர்களுக்கு. இரண்டாம் வகையை வாரச் சம்பளக்காரரும் வாங்கலாம். என் வாதம் இரண்டுக்கும் சேர்த்தே.

1. போனே போதும் என்கிறார்களே, அந்தப் போன் இன்று எத்தனை பேருடைய வேலையைச் சுமக்கிறது?

இந்தப் பகுதியில் பவர் டேபிளில் உட்காரும் ஒரு டெய்லரின் போனை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஓவர்டைம் உண்டா என்ற தகவல் அதில் வருகிறது. சனிக்கிழமைச் சம்பளம் பலருக்கு இப்போது அதில்தான் விழுகிறது. பேக்கரியில் டீக்குக் காசு கொடுப்பதும், ஒடிசாவிலோ பீகாரிலோ இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்புவதும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பற்றி வீட்டிலிருந்து அழைப்பு வருவதும் அதே போனில். அதன் பேட்டரி தீர்ந்தால் அவருடைய அன்றைய நாள் நின்றுவிடும். லித்தியம் பேட்டரியைத் தேய்ப்பவை இரண்டு: அடிக்கடி சார்ஜ் ஏறி இறங்குவது, சூடு. மணிக்கணக்கில் கேம் ஆடினால் இரண்டும் சேர்ந்தே நடக்கும். பிழைப்புக்கு வேண்டிய ஒரே கருவியைப் பொழுதுபோக்குக்காகத் தேய்க்கச் சொல்வதுதான் "போனே போதும்" என்ற அறிவுரையின் நடைமுறைப் பொருள். இதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது?

போனில் கேம் தனியாக இருப்பதுமில்லை. ஒரே திரையில் பணப்பை இருக்கிறது, கடன் செயலி இருக்கிறது, ரம்மி விளம்பரம் வந்து போயிருக்கிறது. தமிழ்நாடு 2022இல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஒன்றிய அரசு 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை முழுவதுமாகத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. இத்தனைக்கும் காரணமான அழிவு, ஆட்டமும் பணப்பையும் ஒரே கைக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் இந்த அளவுக்குப் பெருகியது. வைஃபையை அணைத்துவிட்டு, நான்கு நல்ல கேம்களை மட்டும் ஏற்றி வைத்த ஒரு கருவியைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுப்பதும், யுபிஐ உள்ள அப்பாவின் போனைக் கொடுப்பதும் ஒன்றா? ஷிஃப்ட் முடிந்து களைத்து வரும் பெற்றோர் இரண்டாவதைச் செய்கிறார்கள் என்றால், அவர்களுக்கு முதலாவது வழி இருப்பதாக யாரும் சொல்லவில்லை என்பதே காரணம்.

தொடுதிரை வாதத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். தொட்டும் இழுத்தும் ஆடும் புதிர் ஆட்டங்களுக்கு ஸ்டீம் டெக்கிலும் தொடுதிரை இருக்கிறது. ஓடுவதும் சுடுவதுமான ஆட்டங்களிலோ, திரையின் இரண்டு கீழ்மூலைகளிலும் பொத்தான் படம் வரைந்து, அதன்மேல் கட்டைவிரலை வைத்துப் பாதிக் காட்சியை மறைத்துத்தான் போனில் ஆடுகிறோம். உண்மையான பொத்தான் உள்ள கருவி அங்கே தெளிவாக மேல்.

2. லினக்ஸில் ஆண்ட்ராய்டு ஓடாது என்பவர்கள், ஆண்ட்ராய்டு எதன்மேல் ஓடுகிறது என்று பார்த்தார்களா?

2008இல் முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை அதன் அடியில் இருப்பது லினக்ஸ் கர்னல்தான். ஒரு ஆண்ட்ராய்டு கேம் நினைவகம் கேட்பதும், கோப்பைத் திறப்பதும், நேரம் பார்ப்பதும் எல்லாம் கடைசியில் அந்தக் கர்னலிடம்தான் போய்ச் சேர்கின்றன. அதனால் லினக்ஸ் கருவியில் ஆண்ட்ராய்டை ஓட்ட, போலியாக ஒரு முழுக் கணினியையே உள்ளே உருவாக்க வேண்டியதில்லை. வேட்ராய்டு என்ற கட்டற்ற மென்பொருள் 2021இலிருந்து செய்வது இதைத்தான்: லினியேஜ் ஓஎஸ்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆண்ட்ராய்டைக் கன்டெய்னர் என்ற தனித்த உறைக்குள் வைத்து, கருவியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அதே கர்னலின்மேல் நேராக ஓடவிடுகிறது. ஆண்ட்ராய்டின் உறுப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள பைண்டர் என்ற வழி தேவை. அது லினக்ஸ் கர்னலின் மூலநிரலிலேயே பல ஆண்டுகளாக இருக்கிறது. திரையில் காட்ட வேலண்ட் என்ற முறை தேவை. இன்றைய லினக்ஸ் கருவிகளில் அதுவும் இருக்கிறது.

மொழிபெயர்ப்பு தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று. போன்களின் சிப் ஆர்ம் வகை. ஸ்டீம் டெக்கின் சிப் எக்ஸ்86 வகை. ஆர்முக்காக மட்டும் எழுதிய கேம்களின் கட்டளைகளை எக்ஸ்86க்கு மாற்ற வேண்டும். இதுவும் புதிய வித்தை அல்ல. இன்டெல் சிப் உள்ள ஆண்ட்ராய்டு கருவிகளுக்காகவும் குரோம்புக்குகளுக்காகவும் இன்டெல்லும் கூகுளுமே இதற்கான நிரலகங்களை எழுதியிருக்கின்றன. குரோம் ஓஎஸ்ஸும் லினக்ஸ்தான். அதில் 2016இலிருந்து ஆண்ட்ராய்டுச் செயலிகள் ஓடுகின்றன. கூகுள் தன் லினக்ஸில் ஓட்டினால் பொறியியல், நான் என் லினக்ஸில் ஓட்டினால் குறுக்குவழியா?

கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஸ்டீம் டெக் என்ற கருவியே இன்னொரு இயங்குதளத்தின் கேம்களை லினக்ஸில் ஓட்டுவதை நம்பித்தான் பிறந்தது. வால்வ் 2018இல் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட வைக்கிறது. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவான கர்னல் கிடையாது. அந்த இடைவெளி ஆண்ட்ராய்டுக்கும் லினக்ஸுக்கும் உள்ளதைவிடப் பல மடங்கு அகலம். அதைக் கடந்ததை உலகமே பாராட்டியது. அதைவிடச் சிறிய பள்ளத்தைத் தாண்டுவதைப் பார்த்து "இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்பதில் எந்தக் கணக்கும் இல்லை. 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் ஃபிரேம் தலைக்கருவியில், ஸ்னாப்டிராகன் சிப்பின்மேல் ஸ்டீம் ஓஎஸ்ஸை ஓட்டி, ஏபிகே எனப்படும் ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்புகளுக்கும் இடம் கொடுப்பதாக வால்வே சொல்லிவிட்டது.

1 ஜிபி ரேம் கொண்ட சிறு கருவியில் வேட்ராய்டை ஓட்ட முடியாதுதான். அங்கே வேறு வழி இருக்கிறது. கேம்மேக்கர் என்ற கருவித்தொகுப்பில் செய்த கேம்களின் ஆண்ட்ராய்டுப் பதிப்பிலிருந்து கேமை இயக்கும் ஓட்டுநிரலை மட்டும் எடுத்து, அது கேட்கும் ஆண்ட்ராய்டுச் செயற்கூறுகளுக்கு லினக்ஸிலேயே பதில் சொல்லும் ஓர் ஏற்பாடு இருக்கிறது; ஜிஎம்லோடர் என்று பெயர். சிப் அங்கும் இங்கும் ஆர்ம் என்பதால் கட்டளை மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை. போர்ட்மாஸ்டர் என்ற தன்னார்வலர் திட்டம் இத்தகைய ஏற்பாடுகளைத் திரட்டி, ஆர்36எஸ் வைத்திருப்பவரும் எளிதாக நிறுவும்படி தருகிறது. கேமை மட்டும் நீங்கள் முறையாக வாங்கியிருக்க வேண்டும்.

3. சாமானியருக்கு ஆகாது என்கிறார்கள். யார் ஆகவிடாமல் வைத்திருப்பது?

சிரமம் உண்டு, மறுக்கவில்லை. ஸ்டீம் ஓஎஸ்ஸின் அடிப்படைக் கோப்புகள் எழுத முடியாதபடி பூட்டப்பட்டவை; நாம் உள்ளே சேர்த்ததை அடுத்த அப்டேட் துடைத்துவிடலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்குகிறவருக்கு இது பெரிய தடை. ஆனால் இது ஏற்பாட்டில் உள்ள குறை. அடிப்படையிலேயே முடியாத காரியம் அல்ல. ஃபெடோரா லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு கையடக்கக் கருவிகளுக்காகச் செய்யப்பட்ட பஸ்ஸைட் என்ற இயங்குதளம், வேட்ராய்டை நிறுவும் வழியைத் தன்னுள்ளேயே வைத்து வருகிறது. தயாரிப்பவர் மனம் வைத்தால் சிரமம் குறைகிறது என்பதற்கு இந்த ஒரு சான்று போதும்.

பெரிய நிறுவனத்தை நம்பினால் சிரமமில்லை என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. விண்டோஸ் 11இல் ஆண்ட்ராய்டுச் செயலிகளை ஓட்டும் வசதியை மைக்ரோசாப்ட் கொடுத்தது. 2025 மார்ச் 5ஆம் தேதி அதை நிறுத்திவிட்டது. அதோடு அந்தக் கதை முடிந்தது. லினக்ஸ் பக்கம் ஆன்பாக்ஸ் என்ற முந்தைய முயற்சியும் 2023இல் நின்றது. ஆனால் அதற்கு முன்பே அதே யோசனையை வேட்ராய்டு கையில் எடுத்து மேலே கொண்டுபோயிருந்தது. மூலநிரல் திறந்திருக்கும்போது ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்க முடிகிறது. நீண்ட நாளைக்கு நம்ப வேண்டியது எதை என்று இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

4. ஏமாற்றுவதற்குத்தான் இந்த வழி என்றால், நிறுவனங்களே ஏன் இதே வழியில் போகின்றன?

பப்ஜி மொபைலுக்கு டென்சென்ட் நிறுவனமே கணினியில் ஓட்டும் கேம்லூப் என்ற மென்பொருளைக் கொடுத்தது. விசைப்பலகைக்காரர்களோடு போன்காரர்கள் மோத வேண்டாம் என்று, அதில் வருகிறவர்களைத் தனியாகப் பிரித்து ஆடவிட்டது. நியாயமான ஏற்பாடு. கூகுள் 2022இல் மொபைல் கேம்களை விண்டோஸ் கணினியில் ஆடுவதற்கான சோதனைப் பதிப்பைத் தென்கொரியா, தைவான், ஹாங்காங்கில் தொடங்கியது. பிறகு பல நாடுகளுக்கு விரித்தது. போனுக்கு வெளியே ஆடுவது தன்னளவில் குற்றம் என்றால் இவை வந்தேயிருக்கக் கூடாது.

அப்படியானால் பூட்டு எதைத்தான் சோதிக்கிறது? பிளே இன்டெக்ரிட்டி என்று கூகுள் தரும் சோதனை, சேஃப்டிநெட் என்ற பழைய சோதனையின் இடத்துக்கு வந்தது. கேம் வைத்திருக்கும் நிறுவனம் இதைப் பயன்படுத்தினால், கருவி கூகுளின் சான்று பெற்றதா, செயலி திருத்தப்படாததா என்று பதில் கிடைக்கும். ஆடுகிறவர் நேர்மையானவரா என்பதற்கு அதில் பதில் இல்லை. சான்று பெற்ற போனில் உட்கார்ந்து ஏமாற்றுகிறவர்கள் ஏராளம். சான்று இல்லாத கருவியில் தனியாக ஒரு புதிர் ஆட்டம் ஆடுகிறவர் யாரையும் ஏமாற்ற முடியாது. அந்த ஆட்டத்தில் எதிராளியே கிடையாது. பரிசுப் பணத்துக்காக மோதும் போட்டிகளுக்கும் பிஜிஎம்ஐ மாதிரியான ஆன்லைன் சண்டைகளுக்கும் காவல் வேண்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன்; அவை லினக்ஸ் கருவியில் ஓடாமல் போவதில் எனக்கு வழக்கில்லை. தனியாள் ஆடும் கேமுக்கும் அதே காவலைப் போடுவதைத்தான் எதிர்க்கிறேன். அங்கே காவல் காப்பது ஆட்டத்தின் நேர்மையை அல்ல, கூகுளின் எல்லையை.

இது என் கற்பனை இல்லை. ஆண்ட்ராய்டு வழியாகக் கூகுள் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் சில உத்தரவுகளை நீக்கினாலும், 2023 மார்ச்சில் அந்த அபராதத்தை உறுதி செய்தது. ஆணையம் கண்ட குறைகளில் ஒன்று, ஆண்ட்ராய்டிலிருந்து கிளைத்த மாற்று வடிவங்களைக் கொண்டு கருவி செய்யாதபடி தயாரிப்பாளர்களைக் கட்டிப்போட்ட ஒப்பந்தங்கள். யார் கருவியில் ஆண்ட்ராய்டு எப்படி ஓடலாம் என்பதை ஒரே நிறுவனம் தீர்மானிப்பது சந்தைக்குக் கேடு என்று இந்த நாட்டின் ஓர் அமைப்பே எழுதிவிட்டது. இங்கே நாம் இன்னும் அதே நிறுவனத்தின் எல்லையை இயற்கை விதியாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கூகுளே ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சான்று பெறாத ஆண்ட்ராய்டை வைத்திருப்பவர் தன் கருவியின் அடையாள எண்ணைப் பதிவு செய்துகொண்டு பிளே ஸ்டோரைப் பயன்படுத்தக் கூகுளின் தளத்திலேயே ஒரு பக்கம் இருக்கிறது. வேட்ராய்டு வைத்திருப்பவர்கள் அந்த வழியில்தான் உள்ளே போய், தாங்கள் காசு கொடுத்து வாங்கிய கேமை இறக்கிக்கொள்கிறார்கள்.

5. சட்டவிரோதம் என்று சொல்பவர்கள் எந்தச் சட்டத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள்?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 52ஆம் பிரிவு, உரிமை மீறல் ஆகாத செயல்களைப் பட்டியலிடுகிறது. முறையாகப் பெற்ற ஒரு கணினி நிரலை, வணிக நோக்கமில்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்காகப் படியெடுப்பதும் தகவமைத்துக்கொள்வதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு நிரல் இன்னொரு நிரலோடு சேர்ந்து இயங்குவதற்குத் தேவையான தகவலைப் பெறச் செய்யும் செயலுக்கும் அங்கே இடம் உண்டு. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு டிஜிட்டல் பூட்டை உடைப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான். நோக்கம் என்ற அந்தச் சொல்லைச் சட்டம் எழுதியவர்கள் தெரிந்தேதான் போட்டிருக்கிறார்கள். வாங்கிய கேமைத் தன் கருவியில் ஆடுகிறவரிடம் அந்த நோக்கம் எங்கே இருக்கிறது?

நிறுவனத்தின் விதிமுறைப் பட்டியல் வேறு, நாட்டின் சட்டம் வேறு. விதிமுறையை மீறினால் உங்கள் கணக்கை மூடலாம். அது அவர்களுக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தச் சங்கதி. அதைக் குற்றம் என்று பயமுறுத்துவது பொய். உடைத்த ஏபிகேயை டெலிகிராமில் இறக்கி ஆடுவது திருட்டு, அதை நான் ஆதரிக்கவில்லை. அரசு தடைசெய்த செயலியைப் பின்வாசலில் கொண்டுவருவதையும் ஆதரிக்கவில்லை. இந்தக் கட்டுரை காசு கொடுத்தவர்களுக்காக.

இந்த ஊரில் பின்னல் மிஷின் வாங்கிய ஒருவரிடம் போய், "இந்த மில்லு நூலை மட்டுந்தான் ஓட்டோணும்" என்று சொல்லிப் பாருங்கள். ஜெர்மனியின் மேயர் மிஷினாக இருக்கட்டும், ஜப்பானின் ஃபுகுஹாரா மிஷினாக இருக்கட்டும், ஷெட்டுக்குள் இறக்கிய பிறகு அதில் எந்த நூலை ஏற்றுவது, எந்த ஊசியை மாட்டுவது, தேய்ந்த பாகத்தை எந்த லேத்தில் கொடுத்துச் செய்வது என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்கிறார். அந்த உரிமை இல்லாதிருந்தால் திருப்பூர் என்ற ஏற்றுமதி நகரமே எழுந்திருக்காது. லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தில் நாம் விட்டுக்கொடுக்காததை, நூறு ரூபாய்க் கேமில் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கிறோம்?

6. "கேம்தானே, போனால் போகட்டும்" என்கிறார்கள். போய்க்கொண்டிருப்பது என்னவென்று தெரியுமா?

எல்லா எதிர்வாதங்களிலும் இதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. போன்தான் மொபைல் கேமுக்குப் பாதுகாப்பான வீடு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். நடந்தவற்றைப் பாருங்கள். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் செயலிகள் அத்தனையும் ஒரே அப்டேட்டில் ஓடாமல் போயின. 2022இல் வந்த கூகுளின் பிக்சல் 7, 64 பிட் செயலிகளை மட்டுமே ஏற்கிறது. 2023இன் ஆண்ட்ராய்டு 14, ஆண்ட்ராய்டு 6க்கு முந்தைய பதிப்புகளைக் குறிவைத்து எழுதிய செயலிகளைச் சாதாரண வழியில் நிறுவ விடுவதில்லை. ஆண்ட்ராய்டு 6 வந்தது 2015இல். ஆக, 2014இல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும் எந்த ஏபிகேயும் இன்றைய புதுப் போனில் சாதாரண வழியில் ஏறாது. அந்த ஆண்டில்தான் கோச்சடையான் படத்தையொட்டி 'ரெயின் ஆஃப் ஆரோஸ்' என்ற மொபைல் கேம் வெளிவந்தது. தமிழ்ச் சினிமாவின் வரலாற்றை எழுதப் போகும் ஒருவருக்கு அதன் பழைய பதிப்பைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தால், அவருக்கு உதவப் போவது புதுப் போன் அல்ல. பழைய ஆண்ட்ராய்டைக் கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டும் லினக்ஸ்தான்.

பாம் நிறுவனத்தின் வெப்ஓஎஸ் கதை இன்னும் கொடியது. 2009இல் பாம் ப்ரீ வந்தது. 2010இல் எச்பி அந்த நிறுவனத்தை வாங்கியது. 2011 ஆகஸ்டில் கருவி செய்வதையே நிறுத்தியது. 2015 ஜனவரி 15இல் செயலிக் கடையையும் மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் மீண்டும் இறக்கும் வழி அடைபட்டது. அந்தக் கேம்களை அதற்கு முன்பே வேறு கருவியில் ஓட்டிக் காட்டியவர்கள் லினக்ஸ்காரர்கள்தான். அதே குடும்பச் சிப் கொண்ட நோக்கியா என்900இல் ப்ரீஎன்வ் என்ற சிறு நிரல் வழியாக அவை ஓடின. பிறகு 2012இல் ஏபிகேஎன்வ் வந்தது. முழு ஆண்ட்ராய்டு இல்லாமலே, ஆங்ரி பேர்ட்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு கேம்களை நோக்கியாவின் லினக்ஸ் போன்களிலும் பண்டோரா என்ற லினக்ஸ் கையடக்கக் கருவியிலும் ஓட வைத்தது. இன்றைய ஜிஎம்லோடர் அதே சிந்தனையின் தொடர்ச்சி. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக, போன் நிறுவனங்கள் கைவிட்டதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருப்பவர்களைத்தான் நாம் வேலையற்றவர்கள் என்கிறோம்.

அதற்கும் முந்தைய ஜாவா கேம்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1999இல் மும்பையில் தொடங்கிய இந்தியாகேம்ஸ் போன்ற நம் நாட்டு நிறுவனங்கள் கிரிக்கெட்டையும் சினிமாவையும் வைத்து அவற்றைச் செய்தன. சிம் பேலன்ஸிலிருந்து காசு பிடித்துக்கொண்டுதான் அவை நம் போனுக்கு வந்தன. இந்தியாவின் முதல் தலைமுறை கேம் தொழிலாளர்களின் உழைப்பு அது. இன்றைய ஆண்ட்ராய்டு போன் அந்தக் கோப்புகளை அப்படியே எடுத்து ஓட்டாது. ஃப்ரீஜே2எம்ஈ என்ற கட்டற்ற நிரலை ஏற்றிய ஒரு சிறு லினக்ஸ் கருவி அவற்றில் பலவற்றை ஓட்டுகிறது.

7. இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வருகிறது. அதற்கும் பதில் சொல்லாமல் விட முடியாது.

கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் சிலர், "ஆண்ட்ராய்டு கேமை லினக்ஸில் ஓட்டினால் லினக்ஸுக்கென்று யாரும் கேம் எழுத மாட்டார்கள், கூகுளுக்குத்தான் பலம் சேர்க்கிறீர்கள்" என்கிறார்கள். கொள்கை நல்லது, கணிப்பு தவறு. புரோட்டான் வருவதற்கு முன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தும் பெரிய கேம்களில் பெரும்பாலானவை லினக்ஸுக்கு வரவில்லை. புரோட்டான் வந்த பிறகுதான் லினக்ஸ் ஓடும் கையடக்கக் கருவிகளுக்கு ஒரு பெரிய சந்தையே உருவானது. ஆள் சேர்ந்த இடத்துக்குத்தான் கடை வரும். கூகுளுக்குப் பலம் என்பதும் சரியல்ல. எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்தில் கட்டற்ற கேம்கள் இருக்கின்றன. 2012இலேயே ஹம்பிள் பண்டில் பூட்டில்லாத ஆண்ட்ராய்டு கேம்களை விற்றது. இன்றும் இட்ச் தளத்தில் பல படைப்பாளிகள் ஏபிகேயை நேராக விற்கிறார்கள். இவற்றை ஆடக் கூகுளின் பிளே ஸ்டோர் வேண்டாம்.

கேம் செய்கிறவர்களிடம், குறிப்பாகச் சென்னையிலும் கோவையிலும் சிறு குழுக்களாக உட்கார்ந்து மொபைல் கேம் எழுதுகிற தமிழ் இளைஞர்களிடம், என் கோரிக்கை இதுதான். எதிராளி இல்லாத ஆட்டத்துக்குப் பிளே இன்டெக்ரிட்டி பூட்டைப் போடாதீர்கள். கேம்பேடுக்கு ஆதரவு கொடுங்கள். வாங்கியவருக்கு ஏபிகே கோப்பைக் கையில் கொடுங்கள். முடிந்தால் எக்ஸ்86 பதிப்பையும் சேர்த்துக் கட்டுங்கள். யூனிட்டியோ கோடோவோ வைத்திருப்பவருக்கு அது பெரிய வேலை அல்ல. வாங்குகிறவர்களே, அடுத்த முறை ஒரு கேமுக்குக் காசு கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் போன் பழுதானால், நான் வாங்கிய கேமை வேறு எதில் ஆடலாம்? பதில் இல்லை என்றால் அந்தக் கேமுக்குக் காசு கொடுக்காதீர்கள்.